பரோட்டாவும் சால்னாவும்: ஒரு தட்டில் எத்தனை கலோரி?



இந்த வரிசையில் இதுவரை தடுப்பூசி, பேறுகாலப் பராமரிப்பு, குழந்தைகளுக்கிடையே இடைவெளி என்று எழுதிவந்தோம். இந்த முறை சாயங்காலத் தட்டைப் பற்றி எழுதுகிறோம். பண்ணைப்புரத்திலும் சரி, கோம்பை, தேவாரம், உத்தமபாளையத்திலும் சரி, பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்காத தெரு குறைவு. கூலி கைக்கு வந்த நாளில் வீட்டுக்கு ஒரு பார்சல், விருந்தாளி வந்தால் ஒரு பார்சல், உடம்பு அசந்து அடுப்பு மூட்ட முடியாத அன்றைக்கும் ஒரு பார்சல். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பரோட்டா விஷம் அல்ல. ஆனால் அந்தத் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலே சாப்பிடுகிறோம். தெரிந்துகொண்டு சாப்பிட்டால், பரோட்டாவையும் விடவேண்டாம், உடம்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் இருக்கவேண்டிய எடைக்கு மேல் இருந்தார்கள். பட்டணத்தில் மட்டும் இல்லை, கிராமத்திலும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொல்லிற்று. நாற்பது வயதில் சர்க்கரை வந்த ஒருவர் குடும்பத்தைக் காக்கவேண்டிய இருபது வருஷத்தை மாத்திரையோடும், ஆறாத கால் புண்ணோடும் கழிக்க நேரிடுகிறது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறிய தாய்க்குப் பிற்காலத்தில் அதே நோய் வருகிற வாய்ப்பு மிக அதிகம். ஆகவே இது அழகுக்காக இளைக்கிற விஷயம் இல்லை.

கலோரி என்றால் என்ன?

விறகு எரிந்தால் சூடு வருகிறது. அதுபோல் சாப்பாடு உடம்புக்குள் எரிந்து சக்தி வருகிறது. அந்தச் சக்தியை அளக்கிற படிதான் கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதுவே நாம் சாப்பாட்டுக்குச் சொல்கிற ஒரு கலோரி.

இதில் மனப்பாடம் செய்யவேண்டியது இரண்டே எண்கள். மாவுச்சத்தும் புரதச்சத்தும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பும் எண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. எண்ணெய் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். நம் கதை முழுக்க இந்த ஒன்பதைச் சுற்றித்தான்.

இந்தக் கணக்கு வெள்ளைக்காரன் ஊரிலிருந்து கடன் வாங்கியது என்று நினைக்கவேண்டாம். நம் நாட்டுச் சாப்பாட்டுக்கான பெயர்பெற்ற பட்டியல் நம் நீலகிரியில் குன்னூரில்தான் உருவாயிற்று. 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கினார். பின்னால் அதன் இயக்குநராக வந்த ஐக்ராய்டு, அரிசி, கேப்பை, பருப்பு, கீரை என்று நாம் தின்கிற பொருள்களின் சத்தைக் கணக்கிட்டு 1937-ல் ஒரு கைநூலாக வெளியிட்டார். அந்தக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. கீழே சொல்லும் எண்கள் அந்த வழியில் வந்த பட்டியல்களை ஒட்டியவை. கணக்கு மனதில் நிற்பதற்காக முழு எண்ணாகத் திருத்தியிருக்கிறோம்.

கடைத் தட்டைக் கணக்குப் பார்ப்போம்

மைதா 100 கிராமுக்கு 350 கலோரி. நடுத்தரப் பரோட்டா ஒன்றுக்கு 50 கிராம் மைதா பிடிக்கும் என்று வையுங்கள். அதுவே 175. பிறகு எண்ணெய். மாவு பிசையும்போது கொஞ்சம், உருண்டைகளை ஊறப்போடும்போது கொஞ்சம், வீசும்போது கல்லின்மேல் கொஞ்சம், வேகும்போது சுற்றிலும் கொஞ்சம். மாஸ்டர் கையை யார் அளந்தார்கள்? குறைத்துப் பார்த்தாலும் ஒரு பரோட்டாவுக்குள் இரண்டு டீஸ்பூன் போகும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. ஆக ஒரு பரோட்டா 175-ம் 80-ம் சேர்ந்து 255 கலோரி.

மூன்று பரோட்டா 765. சால்னா இரண்டு கரண்டி: மேலே மிதக்கிற எண்ணெய் இரண்டு டீஸ்பூன், அரைத்த தேங்காய், வெங்காயம், கசகசா எல்லாம் சேர்த்துச் சுமார் 185. எம்டி சால்னாதானே, கறி இல்லையே என்று சொல்லுகிறோம். கறிதான் இல்லை, எண்ணெயும் தேங்காயும் அப்படியே இருக்கின்றன. ஓர் ஆம்லெட் போட்டால் முட்டை 70, எண்ணெய் 40, ஆக 110.

கூட்டினால் 1,060 கலோரி. ஒரே வேளை, ஒரே தட்டு.

விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டாவோ, மதுரை பன் பரோட்டாவோ ஆனால் இன்னும் கூடும். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் நீங்கள் துண்டுப்பிரசுரத்தைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

இந்த 1,060 அதிகமா, குறைவா? ஆளைப் பொறுத்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை பார்த்தால் நாள் முழுக்க 2,110 கலோரி போதும். நடுத்தர உழைப்பு என்றால் 2,710. கடும் உழைப்பு என்றால் 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே வரிசையில் 1,660, 2,130, 2,720. கர்ப்பிணிக்கு இதன்மேல் 350 கூட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கூட வேண்டும்.

இப்போது நம் ஊரை வைத்துப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்குமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய், நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து காய் எடுத்துவிட்டு இருட்டும்போது இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கீழே கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், சாவடியில் சீட்டாடுகிறவர் பெரும்பாலும் ஆண்கள். பார்சலைப் பிரித்தால் யார் தட்டில் மூன்று விழுகிறது, யார் தட்டில் ஒன்று விழுகிறது? "அவருக்குப் போக மிச்சம்தான் எனக்கு" என்று சொல்லும் தாய்மார்களை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். கணக்குப்படி பார்த்தால் பல வீடுகளில் தட்டு மாறவேண்டும் ஐயா! உழைத்து வந்தவருக்கு முதலில், பிறகு மற்றவருக்கு. இதைச் சொன்னால் கூட்டத்தில் ஆண்கள் பக்கம் சிரிப்பு வரும், பெண்கள் பக்கம் சத்தமே இருக்காது.

கலோரியோடு எண்ணெயையும் தனியாகப் பாருங்கள். நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் போதும் என்பது அதே நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. அதாவது ஆறு டீஸ்பூன், காலை இட்லிப் பொடி முதல் இரவு வரைக்கும். மேலே சொன்ன தட்டில் பரோட்டாவுக்கு ஆறு, சால்னாவுக்கு இரண்டு, ஆம்லெட்டுக்கு ஒன்று. ஒன்பது டீஸ்பூன் ஒரே வேளையில் முடிந்துவிட்டது.

கேட்கிற கேள்விகள் இரண்டு

"மைதாவில் ஏதோ மருந்து கலக்கிறாங்களாமே, அதனாலதான் சர்க்கரை வருதாமே?" என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். அலாக்சான் என்ற பொருளை ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு ஊசியாகப் போட்டுச் சர்க்கரை நோயை வரவழைப்பது உண்மை. பரோட்டா சாப்பிட்ட மனிதருக்கு அதனால் நோய் வந்தது என்று மெய்ப்பித்த சான்று கிடையாது. வேறு வழியில் மைதாவுக்குக் குறை உண்டு. கோதுமையின் தவிட்டை நீக்கி அரைத்த மாவு அது. 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், மைதாவில் 3 கிராம்கூட இல்லை. நார் இல்லாத மாவு சீக்கிரம் செரித்து இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். வயிறும் நிறைந்த மாதிரி இருக்காது; இரண்டு சாப்பிட்டவர் மூன்றாவதைக் கேட்பார்.

"நாங்க கடலெண்ணெய்தான் ஊத்துறோம், செக்கு எண்ணெய்தான் ஊத்துறோம், அதுக்கு என்ன?" என்பது இரண்டாவது. ருசி வேறு, குணம் வேறு. கலோரி ஒன்றுதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், ரேஷன் பாமாயில் எதுவானாலும் கிராமுக்கு அதே 9.

வீட்டில் செய்யும் பரோட்டா

ஐந்து பேருக்கு, ஆளுக்கு இரண்டு என்று பத்துப் பரோட்டாவுக்கு அளவு சொல்கிறேன்.

முதலில் அளவுப் படிகள். குழந்தையின் இருமல் மருந்தோடு வரும் சின்ன மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். அதுதான் ஒரு டீஸ்பூன். கழுவிக் காயவைத்து எண்ணெய்க்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மாவுக்குத் தராசு வேண்டாம். மளிகைக் கடையில் ஒரே ஒரு முறை 200 கிராம் நிறுத்து வாங்கி, உங்கள் வீட்டு டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த டம்ளர்தான் படி.

மைதா 200 கிராம், கோதுமை மாவு 200 கிராம். முழுக்கக் கோதுமையிலேயே செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் அது சப்பாத்தியாகிவிடும், வீட்டில் உள்ளவர்கள் மறுபடி கடைக்கே போவார்கள். பாதிக்குப் பாதி போட்டால் அடுக்கும் பிரியும், நாரும் சேரும். கோதுமை மாவுக்கு மாறினால் கலோரி பாதியாகிவிடும் என்று நினைப்பது தவறு. 100 கிராம் மைதா 350 என்றால் கோதுமை 320. கேப்பையும் அதே அளவுதான். மாவு மாற்றுவதால் லாபம் நாரில். எண்ணெயும் அளவும் குறைப்பதால்தான் லாபம் கலோரியில்.

உப்பு ஒரு டீஸ்பூனுக்குக் குறைவாகப் போட்டு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகப் பிசையுங்கள். பத்து நிமிஷம் கை நோகப் பிசையவேண்டும். இதற்கு வீட்டுக்காரர் கை கொடுக்கட்டும். கடையில் உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போடுவது மாவு காயாமல் இருக்கத்தான். நாம் ஈரத்துணியைப் போட்டு மூடிவைத்தால் அதே வேலை நடக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை. குறைந்தது ஒரு மணி நேரம் ஊறட்டும். அவசரப்பட்டால் கிழியும்.

பத்து உருண்டை. ஒவ்வொன்றையும் கட்டையால் மெல்லியதாகத் தேய்த்து, அரை டீஸ்பூன் எண்ணெயை விரலால் தடவி, விசிறி மடிப்பது போல் மடித்து, சுருட்டிவைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, கையால் தட்டி விரியுங்கள். வீசத் தெரிந்தவர் வீசலாம். மிதமான தீயில் கல்லில் போட்டு, கால் டீஸ்பூன் எண்ணெய் சுற்றிவிட்டு இருபுறமும் வேகவிடுங்கள். நாலைந்தை சூட்டோடு சூடாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் நெருக்கித் தட்டினால் அடுக்கு மலரும். இந்தத் தட்டுதான் கடைப் பரோட்டாவின் ரகசியம். அதற்குக் கலோரி கிடையாது.

கணக்கு: மைதா 700, கோதுமை 640. எண்ணெய் மாவுக்கு இரண்டு, மடிப்புக்கு ஐந்து, கல்லுக்கு இரண்டரை, கை தவறிப் போவது அரை என்று பத்து டீஸ்பூன், அது 400. மொத்தம் 1,740. பத்தால் வகுத்தால் ஒன்று 174. 175 என்று வையுங்கள். கடையில் 255.

சால்னாவைக் கவனியுங்கள்

இத்தாலி நாட்டில் கோதுமை மாவைத் தகடு தகடாக்கி, நடுவே கறிக்குழம்பும் பாலாடைக்கட்டியும் வைத்து அடுக்கி, சூளையடுப்பில் சுட்டுத் தின்கிறார்கள். லசான்யா என்று பெயர். அங்கேயும் உடம்புக்குப் பயந்தவர்கள் தகட்டைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பாலாடைக்கட்டியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுகிறார்கள். ஆசைப்பண்டம் எந்த ஊரானாலும் கொழுப்பு ஒளிந்திருக்கிற இடம் ஒன்றுதான்: மேலே ஊற்றுவதும் நடுவே வைப்பதும். நமக்கு அது சால்னா.

ஐந்து பேருக்கு நாலு டீஸ்பூன் எண்ணெய் போதும். பட்டை, சோம்பு, கிராம்பு, நம் மலை ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டு, 150 கிராம் வெங்காயத்தைப் பொறுமையாக வதக்குங்கள். அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். இஞ்சி பூண்டு, 200 கிராம் தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். கெட்டிப்படத் தேங்காயும் கசகசாவும் அரைப்பதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக 50 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து விடுங்கள். தேங்காய் வாசனைக்கு மட்டும் 20 கிராம். தோப்பு நம்முடையதாக இருந்தாலும் 20 கிராம்தான்! முருங்கைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய், பக்கத்தில் விளைவது எதுவோ அது 300 கிராம்.

எண்ணெய் 160, பருப்பு 165, தேங்காய் 80, வெங்காயமும் தக்காளியும் 115, காய்கள் 75. மொத்தம் 595. ஆளுக்கு ஏறக்குறைய 120. பருப்பினால் புரதமும் சேர்ந்தது. கடைச் சால்னாவில் அது அரிது.

இரண்டு பரோட்டா 350, சால்னா 120, ஆம்லெட்டுக்குப் பதில் அவித்த முட்டை 70. கூட்டினால் 540. வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கித் தட்டில் கால் பங்கு வையுங்கள். மூன்றாவது பரோட்டாவின் நினைப்பு வராது. கடைத் தட்டு 1,060, இது அதில் பாதி. எண்ணெயும் ஒன்பது டீஸ்பூனிலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. மிச்சமான 520 கலோரியை நடந்து தீர்ப்பதென்றால் 60 கிலோ எடையுள்ளவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விறுவிறுவென்று நடக்கவேண்டும்.

யார் குறைக்கக் கூடாது?

இது முக்கியம். வளர்கிற பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டு வயிற்றைக் கட்டாதீர்கள். மெலிந்த உடம்புள்ள தாய்மார்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் குறைக்கக் கூடாது. அவர்களுக்கு இந்தத் தட்டில் இன்னொரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், ராத்திரி பரோட்டா இருக்கிறதே என்று மத்தியானச் சாப்பாட்டை விடுவது ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். இவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் கேட்கலாம்.

மற்றவர் குறைக்க வேண்டுமா என்று அறியத் தையற்காரரின் நாடா போதும். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், இடுப்பெலும்புக்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவில் சுற்றி அளவெடுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதற்கு மேல் போனால் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிடுவது நல்லது. கணவர் அளவை மனைவியும், மனைவி அளவை கணவரும் எடுங்கள். தன் இடுப்பைத் தானே அளப்பவர் நாடாவைச் சற்று இறுக்குவார்.

கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நாளில் மூன்றை இரண்டாக்குங்கள். சால்னாவை வீட்டில் ஐந்து நிமிஷம் அசையாமல் வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு கரண்டியால் எடுத்து விடலாம். கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தேதியிலேயே தடைசெய்துவிட்டது. தூக்குச்சட்டி எடுத்துப் போனால் கடைக்காரரும் சந்தோஷப்படுவார். சாப்பிட்டதும் படுக்காமல் இருக்க, எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வீட்டில் செய்தது இரண்டு மீந்துபோனால் மறுநாள் காலை கொத்துப் போடலாம். வெங்காயமும் முட்டைக்கோசும் இரண்டு கை நிறைய நறுக்கிப் போட்டு 30, ஒரு முட்டை 70, ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40, சால்னா அரைக் கரண்டி 60, பரோட்டா 350. மொத்தம் 550. கடைக் கொத்துப் பரோட்டா ஒருவருக்கே 750-ஐத் தொடும். இதை இரண்டு தட்டாகப் போட்டு, பக்கத்தில் ஆளுக்கு ஒரு கொய்யாப்பழம் வைத்தால் தம்பதியர் இருவருக்கும் காலைச் சாப்பாடு ஆயிற்று.